மெதடிஸ்ட் 'வகுப்பு' முறை சாசன இயக்கத்துக்குள் எப்படி நுழைந்தது? காசு, சீட்டு, சட்டம் பற்றி ஒரு கேள்வி

வைகைக்கரை (கேள்வி):

1790க்கும் 1850க்கும் இடைப்பட்ட பிரிட்டன் தொழிலாளர் இயக்கங்களைப் பற்றி (தொழிலாளருக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கம், அதாவது சார்ட்டிசம், உட்பட) எதைப் படித்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது: "அமைப்பு கட்டுவதை மெதடிஸ்டுகளிடம் கற்றுக்கொண்டார்கள்." ஜான் வெஸ்லி தொடங்கிய அந்தக் கிறிஸ்தவ சபையாரிடம் எதைக் கற்றார்கள், எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்று யாரும் விரித்துச் சொல்வதில்லை. மூன்று இடத்தில் எனக்குத் தெளிவு இல்லை.

முதலாவது, 'வகுப்பு' என்கிறார்களே, அது நடைமுறையில் என்ன? எத்தனை பேர், காசு யார் வாங்குவார், கணக்கு யாரிடம் போகும்?

இரண்டாவது, வெஸ்லியின் சபைத் தலைமை அரசு விசுவாசத்தில் ஊறியது. அப்படியிருக்க அதன் வடிவம் மட்டும் எப்படித் தீவிர அரசியல் சீர்திருத்தக்காரர்கள் கைக்குப் போனது?

மூன்றாவது, கூட்டுறவு வாழ்வைப் போதித்த ஆலை முதலாளி ராபர்ட் ஓவன் 1817 ஆகஸ்டில் லண்டன் கூட்டத்திலேயே எல்லா மதங்களும் பிழை என்று அறிவித்துவிட்டார். அவர் வழிவந்தவர்கள் 1840இல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடி, பாட்டுப் புத்தகம் வைத்துப் பாடினார்களாம். ஏன்?

தத்துவ விளக்கம் வேண்டாம். நடந்த விதம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை:

வகுப்பு முதலில் பக்தி வளர்க்கப் பிறந்ததல்ல, கடன் அடைக்கப் பிறந்தது. 1742 பிப்ரவரியில் பிரிஸ்டல் சபைக் கட்டடத்தின் மேல் கடன் நின்றது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீரும் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். பலரால் அதுவும் முடியாது என்று மற்றவர்கள் சொல்ல, ஏழைகளாகப் பார்த்துப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்கள் தராததை நான் போடுகிறேன் என்றார் அவர். அந்தப் பதினொன்றும் வசூலிப்பவர் ஒருவரும் சேர்ந்ததுதான் பன்னிரண்டு பேர் வகுப்பு.

பன்னிரண்டு என்ற எண்ணில் ஒரு வசதி உண்டு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆளுக்கு ஒரு பென்னி என்றால் வகுப்புக்கு வாரம் சரியாக ஒரு ஷில்லிங். வகுப்பு எண்ணிக்கையே ஷில்லிங் எண்ணிக்கை. குறைந்தால் எந்த வகுப்பில் குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும்.

வசூலிப்பவர் முதலில் வீடு வீடாகப் போனார். அதில் நேரம் விரயமானது. ஒருவர் மேல் ஒருவர் சொல்லும் குற்றச்சாட்டை நேருக்கு நேர் வைத்து விசாரிக்கவும் வழி இல்லை. அதனால் வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூடுவது என்று ஆனது. வகுப்புத் தலைவரிடம் ஒரு புத்தகம்: இடப்பக்கம் பெயர்கள், எதிரே வாரக் கட்டங்கள், வந்தாரா, காசு எவ்வளவு. அவர் வாரம் ஒரு முறை சபையின் பணப்பொறுப்பாளரிடம் காசை ஒப்படைத்து, நோயில் கிடப்பவர் யார், ஒழுக்கம் தவறியவர் யார் என்றும் சொல்ல வேண்டும்.

காலாண்டுக்கு ஒரு முறை சீட்டு. கைக்குள் அடங்கும் அச்சிட்ட துண்டு: ஒரு வேத வசனம், அந்தக் காலாண்டுக்கான எழுத்து, உறுப்பினர் பெயர். அதைப் புதுப்பிக்கும்போது ஒரு ஷில்லிங் தருவது வழக்கமானது. சீட்டு இல்லாதவருக்கு அன்பின் விருந்திலும் (சபையார் ஒன்றாக உண்டு ஜெபிக்கும் கூட்டம்) சபைக் கூட்டத்திலும் இடம் இல்லை. ஒருவரை விலக்க விசாரணை மண்டபம் தேவையில்லை, அடுத்த காலாண்டுக்குச் சீட்டு தராமல் விட்டால் போதும். வேலையைச் செய்தது இந்தச் சீட்டுதான் என்பேன். உறுப்பினர் பட்டியலும், வருகைப் பதிவும், ஒற்றர் புகாமல் தடுக்கும் வாசல் காவலும் ஒரே துண்டுத் தாளில்.

வகுப்புக்கு மேலே சேகரம், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரம். அதற்கு ஒரு பிரசங்கத் திட்டத்தாள் அச்சாகும். இடப்பக்கம் ஊர்களும் நேரமும், மேலே ஞாயிறுகளின் தேதி, கட்டத்துக்குள் வெறும் எண். எண் ஒவ்வொன்றும் ஒரு பிரசங்கியைக் குறிக்கும். அவர்களில் பெரும்பாலோர் சம்பளம் இல்லாத நெசவாளர், சுரங்கத் தொழிலாளர், செருப்புத் தைப்பவர். ஓரிரு சம்பளக்காரரை வைத்துக்கொண்டு இருபது முப்பது ஊரில் வாராவாரம் கூட்டம் நடத்த முடிந்தது இந்தத் தாளால்தான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: தலைமை எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும், மேற்சொன்ன வேலைகளைச் செய்தவர்கள் தொழிலாளர்கள். புத்தகம் எழுதவும், கூட்டம் நடத்தவும், காலாண்டுக் கணக்கு ஒப்பிக்கவும் பழகிய ஆள் சபையை விட்டு வெளியேறினாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும். வெளியேற்றமும் நிறையவே நடந்தது. 1807 மே 31இல் மோ காப் குன்றில் ஹியூ போர்ன் முதலானோர் நாள் முழுக்க வெளிக்கூட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு வெஸ்லிய மாநாடு அத்தகைய கூட்டங்களைக் கண்டித்தது, மறு ஆண்டு போர்ன் நீக்கப்பட்டார். 1811 மே மாதம் அவர் தரப்பினர் தங்கள் சொந்தச் சீட்டை அச்சடித்தபோதுதான் தனிச் சபை உருவாகிவிட்டது என்று பொருள். 'பிரிமிட்டிவ் மெதடிஸ்ட்' என்ற பெயர்கூட மறு ஆண்டுதான் வந்தது. 1850 வாக்கில் அவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்.

அரசியலுக்குள் இந்த வடிவம் வருவது சாசன இயக்கத்துக்கு இருபது ஆண்டு முன்பே. 1818இல் ஹல் நகரில் தோன்றிய 'அரசியல் புராட்டஸ்டண்டுகள்' இருபது பேருக்கு மேற்படாத வகுப்புகள் வைத்தார்கள்: வாரம் ஒரு பென்னி, கூட்டத்தில் தீவிர சீர்திருத்தப் பத்திரிகை உரக்க வாசிப்பு. அதே ஆண்டு ஸ்டாக்போர்ட் ஒன்றியமும் சிறு வகுப்புகளாகப் பிரிந்து வேலை செய்தது. 1817 சட்டம் ஐம்பது பேருக்கு மேல் கூடும் அரசியல் கூட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தது. பன்னிரண்டு பேர் சமையலறையில் உட்கார்ந்து வாசித்தால் எந்த மாஜிஸ்திரேட் என்ன செய்ய முடியும்?

---

பழைய ஏடு:

கணக்குப்பிள்ளை சொன்ன விவரங்களில் எனக்குப் பிணக்கு இல்லை. ஆனால் எல்லாமே மெதடிஸ்டுகளிடமிருந்து வந்தது போல் ஆக்கிவிடக் கூடாது. பரஸ்பர உதவிச் சங்கங்கள் அதற்கு முன்பே இருந்தன. மதுக்கடை மாடியில் மாதக் கூட்டம், மூன்று பூட்டுப் போட்ட பெட்டி, மூன்று சாவியும் மூன்று பேரிடம். நோய்க்கும் சாவுக்கும் அதிலிருந்து பணம். பெட்டியைத் தனியாளாகத் திறக்க முடியாது என்பது தவிர மற்றதெல்லாம் பலவீனம்தான். வாடகைக்குப் பதில் குடிக்க வேண்டும் என்பது மதுக்கடைக்காரரின் எழுதாத விதி, நிதியில் ஒரு பங்கு அப்படியே கரைந்தது.

இந்தப் பக்கத்திலிருந்து தொழிற்சங்கங்களுக்கு வந்த இன்னொரு சொத்து சத்தியப் பிரமாணச் சடங்கு. கண்ணைக் கட்டி உள்ளே அழைத்துவந்து, எலும்புக்கூட்டுப் படத்தின் முன் நிறுத்தி, ரகசியம் காப்பேன் என்று வேதத்தைத் தொட்டுச் சத்தியம் வாங்குவது. ஆபத்து இங்கேதான் இருந்தது.

டோல்பட்டில் வழக்கைப் பாருங்கள். டார்செட் பண்ணைக் கூலி வாரம் 9 ஷில்லிங்கிலிருந்து 8, பிறகு 7 என்று இறங்கி 6 ஆகப்போகிறது என்ற நிலையில் ஜார்ஜ் லவ்லெஸ் சங்கம் தொடங்கினார். சேர ஒரு ஷில்லிங், பிறகு வாரம் ஒரு பென்னி. லவ்லெஸ் மெதடிஸ்ட் உள்ளூர்ப் பிரசங்கி. கைதான ஆறு பேரில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். 1824இல் சங்கத் தடைச் சட்டங்கள் நீங்கிவிட்டதால் சங்கம் வைத்ததற்காக அவர்களைப் பிடிக்க முடியாது. கடற்படைக் கலகத்தை ஒட்டி 1797இல் வந்த சட்டவிரோதச் சத்தியப் பிரமாணச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1834 மார்ச்சில் ஆறு பேருக்கும் ஏழாண்டு நாடுகடத்தல். 1836இல் மன்னிப்பு வந்தது.

அதாவது ஒரே ஆளிடம் இரண்டு மரபும் இருந்தன: பென்னி வசூல் ஒரு பக்கம், சத்தியச் சடங்கு ஒரு பக்கம். சிறைக்கு அனுப்பியது இரண்டாவது. 1834க்குப் பிறகு சங்கங்கள் சடங்குகளை வேகமாகக் கைவிட்டதற்குக் காரணம் அறிவொளி அல்ல, வக்கீல் புத்தி. உறுப்பினரை அடையாளம் காணச் சத்தியம் கூடாது என்றால் அட்டைதான் வழி.

---

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. ஒன்று உறுத்துகிறது. ஊருக்கு ஊர் சிறு வகுப்பு என்றால் சட்டத்துக்குத் தப்பலாம். ஆனால் நாடு தழுவிய சங்கம் என்றால்? கிளைகளோடு கடிதப் போக்குவரத்து வைத்த சங்கங்களையே 1799 சட்டம் தடை செய்ததே. தேசிய சாசனச் சங்கம் எப்படித் தாக்குப்பிடித்தது?

---

கிழக்கு ரத வீதி:

நல்ல கேள்வி, பலரும் தாண்டிப் போய்விடும் இடம்.

சங்கம் 1840 ஜூலையில் மான்செஸ்டரில் தொடங்கியது. முதல் விதிகள் அப்படியே மெதடிஸ்ட் அச்சு: பத்துப் பேருக்கு ஒரு வகுப்பு, வகுப்புத் தலைவர், அதற்கு மேல் வட்டம், நகரம், உச்சியில் ஏழு பேர் நிர்வாகக் குழு. உறுப்பினர் அட்டை காலாண்டுக்கு ஒரு முறை 2 பென்ஸ், வாரச் சந்தா ஒரு பென்னி, அதில் பாதி மையத்துக்கு.

தனக்கென அலுவலர்கள் உள்ள கிளை, மேலே ஒரு தலைமை, நடுவில் கடிதப் போக்குவரத்து: 1799, 1817 சட்டங்களின்படி இது அப்பட்டமான குற்றம். அதனால் 1841 தொடக்கத்தில் விதியைத் திருத்தினார்கள். கிளை என்பதே காகிதத்தில் இல்லாமல் போனது. நாடு முழுக்க ஒரே சங்கம், ஒரே பொதுக்குழு. ஒவ்வொரு ஊரும் தன் ஆட்களின் பெயரைப் பரிந்துரைத்து அனுப்பும், அவர்கள் எல்லோரும் அந்த ஒற்றைப் பொதுக்குழுவின் உறுப்பினர்கள். பெயர், தொழில், தெரு சகிதம் பட்டியல் சாசன இயக்கத்தின் 'நார்தர்ன் ஸ்டார்' பத்திரிகையில் வரும். ரகசியம் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை. பத்தி பத்தியாக நெசவாளர், தையல்காரர், செருப்புத் தைப்பவர் என்று ஓடும் அந்தப் பட்டியல்கள் வரலாற்று ஆய்வுக்கு இன்று பெரும் புதையல். அன்றைக்கு முதலாளி வேலையை விட்டு நீக்கவும் அதே பட்டியல் பயன்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இப்போது கணக்கு. 1842இல் உறுப்பினர்கள் ஏறத்தாழ 50,000. எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் மையத்துக்கு ஆளுக்கு அரை பென்னி, அதாவது வாரம் 104 பவுண்டு. செயலருக்கு வாரம் 2 பவுண்டு, மற்ற நிர்வாகிகளுக்கு 30 ஷில்லிங் என்ற சம்பளத்தை அது சுலபமாகத் தாங்க வேண்டும். தாங்கவில்லை. கைத்தறி நெசவாளர் வாரம் 5, 6 ஷில்லிங் சம்பாதித்த காலம். அட்டை வாங்குவது ஒரு நாள் உற்சாகம், வாரப் பென்னி 52 முறை. அட்டை விற்ற எண்ணிக்கையை உறுப்பினர் பலம் என்று வாசித்து ஏமாறுவது இன்றும் நடக்கிறது. வந்த காசையும் பல ஊர்கள் பேச்சாளர் செலவு, மண்டப வாடகை, சிறைப்பட்டோர் குடும்ப நிதி என்று உள்ளூரிலேயே வைத்துக்கொண்டன. 1842 கடைசியில் நிர்வாகக் குழுவின் கணக்கைப் பற்றிப் பத்திரிகையிலேயே சண்டை வெடித்தது. மெதடிஸ்ட் வகுப்பில் கணக்கு உள்ளூர்ப் பணப்பொறுப்பாளரோடு அநேகமாக முடிந்துவிடும், எதிரே உட்கார்ந்து கேட்கலாம். இங்கே கேட்பவர் ஸ்காட்லாந்தில், கணக்கு மான்செஸ்டரில்.

பத்திரிகை விலை நாலரை பென்ஸ், அதில் ஒரு பென்னி முத்திரை வரி. தனியாள் வாங்கக் கஷ்டம், வகுப்பு சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு அரை பென்னிக்கும் குறைவு. வகுப்பு உயிரோடு இருந்ததற்கு இந்த வாசிப்பே பாதிக் காரணம்.

வெளிக்கூட்டமும் அப்படியே வந்ததுதான். 1838 இலையுதிர்காலத்தில் தீப்பந்தக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பரில் அரச அறிவிப்பு அவற்றைத் தடை செய்தது. பகலில், ஞாயிறன்று, குன்றின் மேல், வண்டியை மேடையாக்கி, ஜெபத்தோடும் ஞானப்பாட்டோடும் தொடங்கினால்? வடிவம் மோ காப், பேச்சு வாக்குரிமை. கலைக்க வரும் அதிகாரிக்குத்தான் சங்கடம். ஜோசப் ரேனர் ஸ்டீஃபன்ஸ் போன்ற முன்னாள் வெஸ்லிய ஊழியர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. வாக்குரிமை என்பது கத்தி, முள்கரண்டிப் பிரச்சினை என்று 1838 செப்டம்பரில் கெர்சல் மூரில் சொன்னவர் அவர்தான், அதாவது சோற்றுப் பிரச்சினை.

1839 கோடையில் இன்னொரு உத்தி. ஊர்வலமாகப் போய் அரசுத் திருச்சபையின் ஆலயத்துக்குள் உட்கார்ந்துவிடுவது. இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டவை, குடும்பப் பெயர் போட்டவை. சீக்கிரமே வந்து அவற்றில் அமர்ந்துவிட்டால் வாடகைக்காரர் நிற்க வேண்டியதுதான். முன்கூட்டியே போதகருக்குக் கடிதம் எழுதி, யாக்கோபு 5ஆம் அதிகாரத்தின் மேல் பிரசங்கம் செய்யும்படி கேட்பார்கள்: ஐசுவரியவான்களே, அலறி அழுங்கள் என்று தொடங்கி, அறுத்தவர் கூலியை அநியாயமாய்ப் பிடித்துவைத்ததைச் சொல்லும் பகுதி. சில போதகர்கள் அதையே எடுத்து வேறு பொருள் சொன்னார்கள். சிலர், இருப்பதில் திருப்தியாயிரு என்ற வசனத்துக்குத் தாவினார்கள். பத்துப் பைசா செலவில்லாத போராட்டம்!

---

தறிநாடா:

மூன்றாவது கேள்வி இன்னும் தொங்குகிறது, அதற்கு மட்டும் சொல்கிறேன். ஓவனியர்கள் பாடியதற்கு விருப்பமும் ஒரு காரணம், 1780ஆம் ஆண்டு ஞாயிறு ஆசரிப்புச் சட்டமும் ஒரு காரணம்.

அந்தச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமை காசு வாங்கிக்கொண்டு பொழுதுபோக்கோ விவாதமோ நடத்தும் இடம் 'ஒழுங்கற்ற வீடு'. அபராதம் நாள் கணக்கில்: நடத்துபவருக்கு 200 பவுண்டு, கூட்டத் தலைவருக்கு 100, வாசலில் காசு வாங்குபவருக்கு 50. தொழிலாளிக்கு ஞாயிறு தவிர ஓய்வு கிடையாது. வாசல் காசு இல்லாமல் மண்டபம் ஓடாது. தப்பிக்க ஒரே வழி, பதிவுபெற்ற வழிபாட்டிடம் என்று ஆகிவிடுவது.

1839இல் அவர்கள் அமைப்பின் பெயரே 'பகுத்தறிவு மதத்தினர்' என்றானது. சமூக மிஷனரிகள், வாரம் 30 ஷில்லிங் சம்பளம், மாவட்டம் மாவட்டமாகச் சுற்று. 'சமூக ஞானப்பாட்டு'ப் புத்தகம், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சடங்கு, தேநீர் விருந்து. மான்செஸ்டர் கேம்ப்ஃபீல்டில் 1840இல் திறந்த அறிவியல் மண்டபத்தில் 3,000 பேர் அமரலாம். எங்கெல்ஸ் 1843இல் அங்கே போய்ப் பார்த்துவிட்டு, கூட்டம் வடிவத்தில் ஓரளவு தேவாலயக் கூட்டத்தை ஒத்திருப்பதாக எழுதினார்.

பகுத்தறிவு மதம் என்று சொல்லிக்கொள்வது ஒன்று, நீதிமன்றத்தில் நிரூபிப்பது வேறு. 1840இல் எக்சிட்டர் பிஷப் பிரபுக்கள் சபையில் இவர்கள் மேல் பாய்ந்த பிறகு, பல ஊர்களில் போதகர்கள் வழக்குப் போட்டார்கள். அரசுத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்ட் ஊழியருக்கான உறுதிமொழியை எடுத்தால் விலக்கு உண்டு. மான்செஸ்டரின் ராபர்ட் புக்கானன் எடுத்தார், லாயிட் ஜோன்ஸும் எடுத்தார். நம்பாததை நம்புவதாகச் சொல்வதா என்று அமைப்பு பிளந்தது. மறுத்த சார்ல்ஸ் சவுத்வெல் 1841இல் பிரிஸ்டலில் வெளிப்படையான நாத்திகப் பத்திரிகை தொடங்கி, மறு ஆண்டு ஜனவரியில் தெய்வநிந்தனைக்காக ஓராண்டுச் சிறையும் 100 பவுண்டு அபராதமும் பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக்குக்கு ஆறு மாதம். 'செக்யுலரிசம்' என்ற சொல்லை 1851இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது இந்த ஹோலியோக்தான். அந்தக் கிளை நாத்திகத் தலைவர் சார்ல்ஸ் பிராட்லா வழியாக 1880களில் சென்னை வரை வந்து 'தத்துவவிவேசினி' இதழாக முளைத்தது தனிக் கதை.

ஓவனியர் பணம் எங்கே போனது என்றால், ஹாம்ப்ஷயரில் குவீன்வுட் என்ற கூட்டு வாழ்வுக் குடியிருப்புக்கு. 1839இல் 533 ஏக்கர் குத்தகை. கட்டட வடிவமைப்பு ஜோசப் ஹான்சம், குதிரைவண்டிக்குப் பெயர் தந்த அதே ஹான்சம். சமையலறைச் சுவருக்கு மஹோகனி பலகை, உணவைக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சிறு தண்டவாளம். சுவரில் 'ஆயிரமாண்டு ஆட்சியின் தொடக்கம், 1841' என்பதற்கான எழுத்துகள். நிலமோ சுண்ணாம்பு பாய்ந்த மலட்டு மண். கிளைகள் பென்னி பென்னியாக அனுப்பியதை அந்தக் கட்டடம் விழுங்கியது, 1845இல் மூடினார்கள். உள்ளூர் மண்டபம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மையம் திவாலாவது எப்படி என்று பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

---

கணக்குப்பிள்ளை:

தறிநாடா சொன்னதோடு ராச்டேல் ஊரில் தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவுக் கடையையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் காசு வாங்கும் முறை அங்கேதான் ஒழுங்குபட்டது. அவர்களில் ஓவனியர் உண்டு, சாசனக்காரர் உண்டு, 1806இல் வெஸ்லிய சபை நீக்கிய ஜோசப் குக் வழிவந்த யூனிட்டேரியன் (திரித்துவத்தை ஏற்காத) சபையாரும் உண்டு.

1843-44இல் சந்தா வாரம் 2 பென்ஸ், பிறகு 3. ஊரை மூன்று பகுதியாகப் பிரித்து, மூன்று வசூல்காரர்கள் ஞாயிறுதோறும் உறுப்பினர் வீட்டுக்கே போனார்கள். 1742இன் முதல் முறையே திரும்பி வந்தது போல. 28 பவுண்டு சேர்ந்ததும் டோட் லேன் 31ஆம் எண் வீட்டின் கீழ்த்தளம், ஆண்டு வாடகை 10 பவுண்டு. 1844 டிசம்பர் 21 மாலை கதவு திறந்தபோது உள்ளே இருந்த சரக்கு 16 பவுண்டு 11 ஷில்லிங் 11 பென்ஸ் மதிப்பு: மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவத்தி.

கடன் கிடையாது, இதுதான் உயிர்நாடி. அதே ஊரில் 1833இல் திறந்த முந்தைய கடை கடன் கொடுத்தே இரண்டாண்டில் மூழ்கியிருந்தது. பங்குக்கு வரையறுத்த வட்டி, மிச்ச லாபம் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்பக் காலாண்டுதோறும் பிரிப்பு, பின்னாளில் இரண்டரை சதவீதம் கல்விக்கு. ஆளுக்கு ஒரு வாக்கு, பெண்களுக்கும் சேர்த்து. குவீன்வுட் போல மையம் ஒன்று இல்லை, கணக்கு கேட்க வேண்டியவர் தினமும் கடைக்கு வருபவர். முதல் ஆண்டு முடிவில் 74 பேர், 710 பவுண்டு வியாபாரம். திருவல்லிக்கேணிக் கூட்டுறவுக் கடை 1904இல் எடுத்துக்கொண்ட முன்மாதிரியும் இதுதான்.

'கிழக்கு ரத வீதி' சொன்ன பொதுக்குழுப் பட்டியல்களைப் பார்க்கப் போகிறவர்கள் 1841 முதல் 1843 வரையிலான 'நார்தர்ன் ஸ்டார்' இதழ்களை எடுங்கள். பிரிட்டனின் 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்பில் அது இருக்கிறது. தேடும்போது ஊர்ப் பெயரைவிடத் தொழிற்பெயரைப் போட்டுத் தேடினால் சீக்கிரம் கிடைக்கும், அந்தக் கால அச்சில் ஊர்ப்பெயர்களை இயந்திரம் நிறையத் தப்பாக வாசிக்கிறது.